மாமியாரின் மாத்திரை டப்பாவும் டாலி ஆகாத கணக்கும்

தலைப்பைப் பார்த்துவிட்டு மாமியார் மருமகள் சண்டைப் பதிவு என்று ஆவலாக ஓடி வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். சண்டை உண்டு. ஆனால் மாமியாரோடு இல்லை, உங்களோடு. ஊரை விட்டு வந்து நாக்பூர், புனே, பரோடா, போபால் என்று பிழைப்பு நடத்திக்கொண்டு, பெற்றவர்களை மாத்திரையால் பார்த்துக்கொள்கிற நம் எல்லோரோடும். பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள். (இப்போதுதான் தைராய்டு மாத்திரை போட்டவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.)

பொங்கல் விழாவோ கொலுவோ, இங்கே நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடினால் பிள்ளைகளின் கோச்சிங் கிளாஸுக்கு அடுத்தபடியாகப் பேச்சு வருவது ஊரிலிருக்கும் அப்பா அம்மா பற்றித்தான். ஒருநாள் கவனித்துக் கேளுங்கள். "அப்பாவுக்கு மாத்திரைக்கு மட்டும் மாசம் ஆறாயிரம் ஆகுது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எங்கம்மாவுக்கு பன்னெண்டு மாத்திரைங்க. ஆன்லைன்ல போட்டுட்டா மாசா மாசம் வாசலுக்கே போயிடும்" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் அப்பாவுக்கு இதயத்துக்கு ஒருவர், கிட்னிக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர் என்று ஐந்து ஸ்பெஷலிஸ்ட் வைத்திருப்பார். ஏலம் மாதிரிதான் போகும். எத்தனை மாத்திரையோ அத்தனை பாசம்.

அந்தப் பன்னிரண்டு மாத்திரையும் எது எதற்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "பிபிக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, அப்புறம் ஹார்ட்டுக்கு... எல்லாம் டாக்டர் குடுத்ததுதாங்க" என்பதோடு முடிந்துவிடும். எந்த டாக்டர், எந்த வருஷம், எத்தனை நாளைக்குக் கொடுத்தார்? பதில் வராது.

நான் இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறேன். படித்தது பி.காம்., மருத்துவமில்லை. அதனால் எந்த மாத்திரை நல்லது, எது கெட்டது என்று இங்கே சொல்லப்போவதில்லை. என் தொழில் வேறு. பத்து ரூபாய் இடித்தாலும் அது எங்கே போனது என்று தேடாமல் கேஷ் கவுண்டரை மூட விடமாட்டோம். ஒருவர் என்ட்ரி போட்டால் இன்னொருவர் சரிபார்த்து பாஸ் செய்ய வேண்டும். அந்தக் கண்ணோடு பார்த்துதான் கேட்கிறேன். மூன்று ஊரில், நாலு டாக்டர், தனித்தனியாக என்ட்ரி போட்டுக்கொண்டே போகும் ஒரு கணக்கை யார் ஒத்துப் பார்க்கிறார்கள்? நம் வீடுகளில் ஒருவரும் இல்லை. பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஆர்டர் போடுபவர்கள் இருக்கிறார்கள், போனில் அதிகாரம் செய்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

என் மாமியார் கதையைச் சொல்கிறேன், விஷயம் புரியும். வயது 74. சொந்த ஊர் மன்னார்குடி. மாமா போனபிறகு வருஷத்தை மூன்றாகப் பிரித்து நாலு மாசம் சென்னையில் பெரிய மகன் வீட்டில், நாலு மாசம் பெங்களூரில் என் நாத்தனார் வீட்டில், நாலு மாசம் நாக்பூரில் எங்களோடு. நியாயமான ஏற்பாடு என்று எல்லோரும் பாராட்டினார்கள். செலவும் மூன்றில் ஒரு பங்கு, கணக்குப் பிசகாது.

சென்னையில் பிபி ஏறியிருந்ததால் அம்லோடிபின் அளவைக் கூட்டினார்கள். இந்தியாவில் பிபிக்கு மிகச் சாதாரணமாகக் கொடுக்கும் மருந்து, நல்ல மருந்தும்கூட. ஆனால் சிலருக்கு, அதுவும் அளவு கூடும்போது, கணுக்கால் வீங்கும். அத்தைக்கு வீங்கியது. அதற்குள் பெங்களூர் முறை வந்துவிட்டது. அங்கே டாக்டர் வீக்கத்தைப் பார்த்தார், நீர் மாத்திரை எழுதினார். அம்லோடிபினால் வரும் வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது. மூல மருந்தைக் குறைப்பதோ மாற்றுவதோதான் வழி. ஆனால் சென்னையில் அளவு கூட்டிய விஷயம் பெங்களூருக்குப் போகவில்லை. "பிபிக்கு மாத்திரை சாப்பிடறாங்க" என்பதோடு நின்றுவிட்டது.

ஏப்ரலில் எங்களிடம் வந்தார். நாக்பூர் வெயிலைப் பற்றி விதர்பாக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மே மாசம் 45 டிகிரி. வியர்வையில் உப்பு போகிறது, மாத்திரையாலும் போகிறது, போதாக்குறைக்கு பிபி என்று சாப்பாட்டில் வேறு உப்பைக் குறைத்திருக்கிறார்கள். எழுந்தால் தள்ளாட்டம், பேச்சில் ஒரு மந்தம். "வயசாயிடுச்சுல்ல" என்றார்கள் போனில் எல்லோரும். இங்கே பக்கத்துத் தெரு கிளினிக்கில் தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் விடியற்காலையில் பாத்ரூம் வாசலில் விழுந்தார். நல்லவேளை, எலும்பு தப்பியது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 124. சாதாரணமாக 135க்கும் 145க்கும் நடுவில் இருக்கவேண்டியது.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் மாத்திரையின் பக்கவிளைவை நோய் என்று நினைத்து இரண்டாவது மாத்திரை. இரண்டாவதின் பக்கவிளைவை நோய் என்று நினைத்து மூன்றாவது. இதற்கு 'ப்ரிஸ்கிரைபிங் காஸ்கேட்' என்று 1990களிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊர் பாஷையில் கடனை அடைக்கக் கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். இதில் எந்த டாக்டர் குற்றவாளி? என்னைக் கேட்டால் ஒருவருமில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் உட்கார்ந்திருந்த பிரச்சினைக்குச் சரியாகத்தான் எழுதினார்கள். முழுப் பக்கத்தை யாரும் அவர்களிடம் காட்டவில்லை. அதைக் காட்டவேண்டியவர்கள் குடும்பத்தார்.

ஆஸ்பத்திரியில் அட்மிட் செய்தபோது அந்தப் பொது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்?" சென்னைக்குப் போன், பெங்களூருக்குப் போன். ஒருவர் போட்டோ அனுப்பினார், பாதி அட்டை கிழிந்து பெயர் போயிருந்தது. "வெள்ளையா ரவுண்டா இருக்குமே, அது" என்றார் இன்னொருவர். கடைசியில் நான்தான் அத்தையின் டப்பாவை எடுத்து, தரையில் தினத்தாளை விரித்து, ஒவ்வொரு அட்டையிலும் பிராண்ட் பெயருக்குக் கீழே எறும்பு சைஸில் இருக்கும் மருந்துப் பெயரை எழுதி எடுத்தேன். 14 அட்டை. அதில் வயிற்று எரிச்சலுக்கான ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில், காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றுமாக. ரெண்டு வருஷம் முன்னால் பத்து நாளைக்கு என்று கொடுத்த தூக்க மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் உட்கார்ந்து பார்த்து எட்டாகக் குறைத்தார். நீர் மாத்திரை போனது, பிபி மருந்து மாறியது, தலைசுற்றல் மாத்திரைக்கு வேலையே இல்லாமல் போனது. தூக்க மாத்திரையை மட்டும் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார். (இதைப் படித்துவிட்டு நீங்களாகவே எதையும் நிறுத்தித் தொலைக்காதீர்கள். அதற்குத்தான் டாக்டர்.) மூன்று வாரத்தில் "வயசானதால் வந்த" தள்ளாட்டம் போயே போச்சு. வயசு மட்டும் அப்படியே இருக்கிறது :-)

உலக சுகாதார நிறுவனம் 2017ல் மருந்தினால் வரும் தீங்கைக் குறைக்க ஓர் உலகளாவிய முயற்சியை அறிவித்தது. அதில் முக்கியமாகக் கவனிக்கச் சொன்ன இடங்கள் மூன்று. அபாயம் அதிகமுள்ள மருந்துகளும் சூழ்நிலைகளும், ஒரே ஆளுக்குப் பல மருந்துகள், கவனிப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கைமாறும் நேரம். நம் வீட்டுப் பெரியவர்கள் பெட்டியோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறும் ஒவ்வொரு தடவையும் இந்த மூன்றும் ஒரே பெர்த்தில் உட்கார்ந்து வருகின்றன.

அடுத்த சண்டை பாஷை விஷயம். வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கென்றே உள்ள வியாதி இது. அத்தை என்ன சொன்னார் தெரியுமா? "எந்திரிச்சா கண்ணை இருட்டிக்கிட்டு வருதும்மா." என் ரங்கமணி டாக்டரிடம் இந்தியில் மொழிபெயர்த்தது: "சக்கர் ஆதா ஹை." முடிந்தது.

தமிழில் எத்தனை இருக்கிறது பாருங்கள். எழுந்தவுடன் கண்ணை இருட்டுவது ஒன்று, அது பெரும்பாலும் பிபி சட்டென்று இறங்குவது. உலகமே சுற்றுகிற மாதிரி கிறுகிறுப்பது வேறு, அது காது சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். தலை நன்றாக இருக்க, கால் மட்டும் தள்ளுவது இன்னொன்று. வியர்த்து, கை நடுங்கி, படபடவென்று வருவது சுகர் இறங்கியதாக இருக்கலாம். காலில் குடைச்சல் வேறு, மதமதப்பு வேறு, காந்தல் வேறு. நம் கிழவிகள் ஒவ்வொன்றையும் பிரித்துத்தான் சொல்கிறார்கள். அரைகுறை இந்தி தெரிந்த நாம்தான் எல்லாவற்றையும் சக்கர், தர்த் என்று இரண்டு டப்பாவில் கொட்டி டாக்டரிடம் நீட்டுகிறோம். வார்த்தை தெரியாவிட்டால் எப்போது வருகிறது, படுத்திருக்கும்போதா எழும்போதா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையாவது சொல்லலாம். அதற்கு இந்தி இலக்கணம் தேவையில்லை.

அதைவிட மோசம், கேள்வியை அம்மாவிடம் கேட்டால் பதிலைப் பிள்ளை சொல்வது. "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்" என்று டாக்டர் கேட்கிறார். இவர் அடுத்த ரூமில் குறட்டை விட்டவர். "நல்லா தூங்கறாங்க டாக்டர்" என்கிறார். மாமனாரோ அப்பாவோ என்றால் ப்ராஸ்டேட் மாத்திரையும் இருக்கும். அதில் பல பிபியை இறக்கக்கூடியவை. பிபி மாத்திரையோடு சேர்ந்து, ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது தலைசுற்றி விழவைக்கும். அந்த மாத்திரையை எழுதிய யூராலஜிஸ்டுக்கு பிபி மாத்திரை தெரியுமா என்பதை யார் கேட்பது? மருமகள் கேட்கலாம், அவளுக்குத்தான் டப்பா தெரியும். ஆனால் அவள் வெளியே செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஆமாம், இதைச் சொல்லத்தான் போகிறேன். நம் வீடுகளில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருமகள், இல்லாவிட்டால் கூட இருக்கும் மகள். எது தீர்ந்தது, எதைத் துப்பினார், எதைப் போட்டால் வயிறு கலங்குகிறது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். டாக்டரிடம் பேசுவது மகன். தீர்மானம் செய்வது சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வீடியோ காலில் வரும் பெரிய மகன். "அந்த மாத்திரை கிட்னிக்கு ஆகாதாம், வாட்ஸப்ல வந்துது, நிறுத்திடு." வங்கியில் சாவி வைத்திருப்பவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர் என்றால் இருவரும் சேர்ந்து நின்றால்தான் பெட்டகம் திறக்கும். இங்கே சாவிக்காரி வாசலில், கையெழுத்துக்காரர் கடல் தாண்டி. என் கோரிக்கை ரொம்பச் சின்னது. யார் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்களோ அவர்தான் டாக்டர் முன்னால் உட்கார வேண்டும். மகன் வண்டி ஓட்டட்டும், பில் கட்டட்டும்.

சரி, பெற்றவர்கள் ஊரிலேயே தனியாக இருக்கிறார்கள் என்பவர்களுக்கு வருகிறேன். நீங்கள் கூரியரில் அனுப்புகிறீர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அருமையான திட்டம், குறையே சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண்மணி கொடுக்கும் அட்டையும் நீங்கள் அனுப்பும் பளபளா அட்டையும் ஒரே மருந்தாக இருக்கலாம். அப்பா இரண்டையும் போடுவார். "அது கவர்மெண்டு மாத்திரை, இது புள்ளை அனுப்பினது." பெயர் வேறு, கலர் வேறு, அவருக்கு எப்படித் தெரியும்? மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016லேயே விதியைத் திருத்தியது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கண்டிப்பான விதிகளைக் கொண்டுவந்து, அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்தது. ஆக சீட்டில் இருப்பது இன்னும் பெரும்பாலும் பிராண்ட் பெயர்தான். பெயருக்குப் பின்னால் எம், எச், ஏ.எம்., எஸ்.ஆர். என்று வரும் வால் எழுத்துதான் உள்ளே இன்னொரு மருந்து சேர்ந்திருக்கிறதா, மெதுவாகக் கரைவதா என்பதைச் சொல்கிறது. அந்த எஸ்.ஆர். மாத்திரையைப் பொடித்து மோரில் கலந்து கொடுக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். நாள் முழுக்க மெல்லக் கரையவேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கும்.

அந்தக் காபி விஷயம். தைராக்சின் மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு காபி உட்பட ஒன்றும் கூடாது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி. நம் வீடுகளில் தைராய்டு மாத்திரையே டிகாக்‌ஷன் காபியில்தானே இறங்குகிறது! உடம்பில் சேராமல் டெஸ்டில் அளவு சரியில்லை என்று வரும், டாக்டர் மருந்தைக் கூட்டுவார். டாக்டர் "எப்படிச் சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

சிரித்துவிட்டுப் போகமுடியாத ஒன்று விரதம். கிளிமெபிரைடு மாதிரியான சுகர் மாத்திரைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சுகரை இறக்கும். அத்தைக்கு மாசம் தவறாமல் கிருத்திகை, சஷ்டி. காலை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர். சென்னை, பெங்களூர் ரெண்டு டாக்டருக்கும் விரதம் தெரியாது, இங்கே டாக்டரிடம் சொன்னபிறகுதான் மருந்தே மாறியது. சுகர் 70க்குக் கீழே போனால் வயதானவர்களுக்கு எப்போதும் வியர்வை, நடுக்கம் என்று பாடப்புத்தகம் மாதிரி வராது. குழப்பமாகப் பேசுவார்கள், கோபப்படுவார்கள், சுருண்டு படுப்பார்கள். "அம்மாவுக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தி" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்கவேண்டும். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸ்தான். இந்த வகை மாத்திரையால் இறங்கியது சரியானாலும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். அதனால் தேறிவிட்டார் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில வகை பிபி மருந்து, நீர் மாத்திரை, அதோடு வலி மாத்திரை, இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் கிட்னி அடிவாங்கும் என்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். கவுண்டரில் நிற்கும் பையனுக்கு அது தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் இன்னும் உஷார். அது வாரத்துக்கு ஒருநாள் போடுவது. தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி ஒட்டுங்கள்.

இப்போது என்னைத் திட்டத் தயாராக இருப்பவர்கள். "எல்லாம் ஆப்ல இருக்குங்க." இருக்கட்டும். நீங்கள் அந்தக் கடையில் வாங்கியதுதான் அந்த ஆப்பில் இருக்கும். சுகர் பொடி, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரை எந்த ஆப்பிலும் இல்லை. மாசா மாசம் தானாக ஆர்டர் ஆவதைப் பெருமையாகச் சொல்கிறீர்களே, டாக்டர் நிறுத்தச் சொன்ன மாத்திரையும் தானாகத்தான் வந்துகொண்டிருக்கும். "டாக்டருக்கு நேரமே இல்லை." உண்மை, மூன்று நிமிஷம்தான் கிடைக்கும். அந்த மூன்று நிமிஷத்தில் டப்பாவைக் கொட்டி ஆராயவைக்கிறீர்களா, ஒரு தாளை நீட்டுகிறீர்களா? "ரிடையர்டு ஹெட்மாஸ்டர், அவரே பார்த்துப்பார்." பார்த்துக்கொள்வார், கண்புரை வரும்வரை. அட்டையில் இருக்கும் எழுத்து எனக்கே கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது.

அந்தத் தாளில் என்ன வேண்டும்? மருந்தின் பொதுப்பெயர், அளவு, எந்த வேளை, எதற்கு, யார் எழுதியது, எந்த மாசத்திலிருந்து, எதுவரை. ஒவ்வாத மருந்துகள். கடைசி கிரியாட்டினின், சோடியம், சுகர். டாக்டருக்காக ஆங்கிலத்தில் ஒன்று, அவர்களுக்காகத் தமிழில் கொட்டை எழுத்தில் ஒன்று. ஒவ்வொரு டாக்டரிடமும் மொத்த அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அமெரிக்காவில் இதற்குப் பழுப்புப் பை என்றே பெயர் வைத்து நடத்துகிறார்கள். நமக்கு மஞ்சப்பை இருக்கிறது. புதிதாக ஒன்று எழுதினால் "இது எதற்கு பதிலாக, எத்தனை நாளைக்கு" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரை மாற்றுங்கள்.

ஊர் மாறினால் டாக்டர் மாறியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் நாடு முழுக்கச் செல்லும். மன்னார்குடியில் பத்து வருஷமாகப் பார்க்கும் டாக்டரிடமே தமிழிலேயே வீடியோவில் பேசலாம். நோயாளி சம்மதித்து எழுதிக்கொடுத்தால் அவர் சார்பில் குடும்பத்தவர் பேசவும் அதில் இடமிருக்கிறது. மூன்று ஊர் டாக்டர்களும் எழுதட்டும், ஆனால் இவர் கண்ணில் படாமல் ஒரு மாத்திரையும் டப்பாவுக்குள் போகக்கூடாது. எங்கள் மொழியில் செக்கர்.

கடைசியாக, கோபத்தோடு ஒன்று. நம் பெற்றோரை நாம் எப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம்? ராத்திரி நெஞ்சைப் பிடித்தால், அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டமாட்டார். 108க்கு அடிக்கமாட்டார். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மகனுக்கு அடிப்பார். அவன் தூங்கிக்கொண்டிருப்பான், இல்லாவிட்டால் "வாய்வா இருக்கும்மா, பெருங்காயம் போட்டு மோர் குடி, காலைல பாக்கலாம்" என்பான். சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையுமாக வரலாம். வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் பக்கவாதம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதில் ஒரு மணி நேரம் அண்ணனும் தம்பியும் எந்த ஆஸ்பத்திரி என்று வாட்ஸப்பில் விவாதிப்பார்கள். பையனைக் கேட்காமல் ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் செலவு செய்யத் தயங்கும் நிலையில் அவர்களை வைத்திருப்பது யார்? இந்த ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லிவிடுங்கள், முதல் போன் 108க்கு, ரெண்டாவது பக்கத்து வீட்டுக்கு, மூணாவதுதான் எனக்கு என்று. அவர்கள் கையில் பணமாகவே ஐயாயிரம் ரூபாயும், பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தத் தாளின் ஒரு நகலும் இருக்கட்டும்.

நவம்பர் வந்தால் பென்ஷனுக்காக அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சான்றிதழ் கொடுக்க என் கவுண்டருக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வருகிறீர்கள். மாத்திரைக் கணக்குப் பார்க்க லீவு கேட்டு வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அத்தை அடுத்த மாசம் பெங்களூர் போகிறார். தாள் அவர் கைப்பையில் இருக்கிறது, லாமினேட் செய்யவில்லை. மாறினால் அடித்து எழுதவேண்டுமே. நாத்தனார் போனில் "என்ன அண்ணி, எங்க டாக்டர் மேல நம்பிக்கை இல்லையா" என்று ஆரம்பித்திருக்கிறார். அந்தச் சண்டை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது :-)

பின்னூட்டத்தில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் அப்பாவோ அம்மாவோ இன்று காலை போட்ட மாத்திரைகளில் ஏதாவது மூன்றின் மருந்துப் பெயரை, பிராண்ட் பெயரில்லை, மருந்துப் பெயரை, அட்டையைப் பார்க்காமல் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.